அடினின் எந்தக் குடி?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வேலிக்கு மேலால் அல்ல, வேலிக்கு உள்ளால். செட்டிபாளையத்தில் எங்கள் வளவுக்கும் சின்னத்தங்கத்தின் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அதில் ஓர் ஓட்டை. ஓட்டையை நான் போடவில்லை. கொஞ்சம் பெரிதாக்கியது மட்டும்தான் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாவியின் மேல் பொன்மாலை கவிழ்ந்தபோது மேனுகாவின் உள்ளத்தின் ஆழத்தில்..."

வேண்டாம். அப்போது காலைச் சாப்பாட்டு நேரம். உள்ளத்தில் இருந்ததைச் சின்னத்தங்கத்தின் மகள் மேனுகா தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கட்டினா உதயரூபனைத்தான் கட்டுவன்!"

2

சிக்கல் இதுதான். இருவரும் ஒரே குடி. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. (எந்தக் குடி என்று எழுதினால் நாளைக்கு என் வாசல் படலையில் ஆள் நிற்கும். எழுதமாட்டேன்.) மேனுகாவின் தாய்மாமன் அழகரத்தினம்தான் கோயிலில் அந்தக் குடிக்கு வண்ணக்கர், காரியம் பார்க்கிறவர். அவர் ஓமென்றால் கல்யாணம். இல்லையென்ற பிறகும் கட்டினால் மேனுகாவுக்குத் தாய் வீட்டுக் கதவு சாத்தப்படும்.

உதயரூபன் கரடியனாற்றில் வயல் செய்கிறார். நல்லவர். (நல்லவர்களால் கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவரை வெட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஆள் வேண்டுமே என்று மறுபடி சேர்த்திருக்கிறேன்.)

3

மேனுகா விஞ்ஞான ரீச்சர். வகுப்புக்குச் செய்த டி.என்.ஏ மாதிரியை விறாந்தையில் தொங்கவிட்டாள்: இரண்டு வலைக்கயிறு, நடுவே ஈர்க்குப் படிகள், மேலிருந்து கீழ்வரை முறுக்கிய ஏணி. மாமாவை அதன் முன்னால் இருத்தினாள்.

"மாமா, எங்கட உடம்புக் கலங்களுக்குள்ள இந்த ஏணிதான் சுருண்டு கிடக்கு. எந்தப் புரதத்தை எப்பிடிக் கட்டுறதெண்டு இதிலதான் எழுதியிருக்கு. பாதி தாயிட்டருந்து, பாதி தகப்பனிட்டருந்து. குடியெண்டு ஒரு எழுத்தும் இல்ல."

"அப்ப இவட வாய்க்கொழுப்பும் இதுக்குள்ளயோ?" என்றாள் சின்னத்தங்கம்.

"அதில பாதி உங்கட, அம்மா."

"போ புள்ள. அது உன்ட அப்பாட பாதி."

அழகரத்தினம் சிரிக்கவில்லை. "இதென்ன, படிக்குப் படி ரெண்டு நிறம்?"

"சோடி, மாமா. அடினின் தைமினோட மட்டும்தான் சேரும். குவானின் சைற்றோசினோட மட்டும்."

"அடினினும் அடினினும்?"

"சேராது. சேந்தா அளவு பிழைச்சு ஏணி கோணிப்போகும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அழகரத்தினம் எழும்பி, ஏணியைக் கும்பிட்டுச் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தங்கச்சி! இதுக்குள்ளயும் குடி பாத்துத்தான் கட்டுறாங்கள்!"

4

அத்தோடு நின்றிருக்கலாம். "தாயிட்டருந்து மட்டும் வாறது ஒண்டும் இல்லையோ?" என்று அவர் கேட்டபோது அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளே பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் கேள்வி அது.

"இருக்கு," என்றாள், கசாயம் குடித்த முகத்தோடு. "கலத்துக்குச் சக்தி குடுக்கிற இழைமணி. அதுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ தாய்வழி."

"தாய்வழி!" அழகரத்தினம் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவருடைய கட்சியில் விஞ்ஞானமும் சேர்ந்துவிட்டது.

5 (கைவிட்டது)

இங்கே, அழகரத்தினம் ஏணியைக் கோயிலுக்குத் தூக்கிப் போனதாகவும், குவானின் சோடிக்கு மூன்று பிணைப்பு, அடினின் சோடிக்கு இரண்டுதான் என்று தெரிந்ததும் எல்லாக் குடியும் "நாங்கதான் குவானின்" என்று மல்லுக்கு நின்றதாகவும் எழுதினேன். நடக்கவில்லை. இனியும் நடக்காது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

6

நடந்தது இது. மேனுகா கயிறுகளைப் பிடித்து ஏணியை நடுவால் பிரித்தாள்.

"புதுக் கலம் உண்டாக முந்தி இது இப்பிடி ரெண்டாப் பிரியும், மாமா. ஒவ்வொரு கயிறும் தனக்குப் புதுச் சோடி கட்டும். அப்ப இடைக்கிட பிழை நடக்கும். சேரக்கூடாதது சேரும்."

"திருத்த ஆளில்லையோ?"

"இருக்கு. எண்டாலும் சிலது தப்பும். தப்பினதில சிலது நல்லதாயும் வரும். ஒரு பிழையும் நடந்திருக்காட்டி நீங்க வண்ணக்கரா இருக்கமாட்டீங்க. இந்த வாவிக்குள்ள ஒரு கிருமியாக் கிடப்பீங்க."

சின்னத்தங்கம் வாயில் கை வைத்தாள்.

அழகரத்தினம் வாவிப் பக்கம் பார்த்தார். "அப்ப அந்தப் பிழையை விடுறதுக்கு ஆரிட்ட அனுமதி கேக்கிறது?"

"ஆரிட்டயும் கேக்கிறதில்ல." மேனுகாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் உங்களிட்டக் கேக்கிறன், மாமா."

7

முடிவு ஒன்று: "கட்டு" என்கிறார். ஊர் மாதக்கணக்கில் கதைக்கிறது. நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

முடிவு இரண்டு: "ஏலாது" என்கிறார். மேனுகா கரடியனாற்றுக்குப் போய்விடுகிறாள், சின்னத்தங்கம் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே...

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அழகரத்தினம் வாயைத் திறந்துவிட்டார். சொல் இன்னும் வரவில்லை. மேனுகா இரண்டு கயிற்றையும் இரண்டு கையில் பிடித்தபடி நிற்கிறாள். அந்தச் சொல்லை நீங்களே போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் கிட்ட வந்து, உங்கள் தாய் எந்தக் குடி என்று என் காதில் மட்டும் சொல்லுங்கள்.

கதைக்காக அல்ல. சும்மா, தெரிந்து வைத்திருக்கத்தான்.