பதினேழாம் அறைச் சாமி

கப்பலில் வந்திறங்கும் கத்தோலிக்கக் குருக்கள் இரண்டு நாள் இளைப்பாறிவிட்டுத் தங்கள் பங்குக் கோயில்களுக்குப் போகட்டும் என்று கட்டிய விருந்தினர் இல்லம் அது. இருபத்துநான்கு அறைகள், ஒரு சிற்றாலயம். கப்பல் போக்குவரத்து நின்றதும் ஆள்வரத்து குறைந்தது. பின்னாளில், எந்தப் பங்கும் வேண்டாமென்று தள்ளிய குருக்களைக் கொண்டுவந்து விடும் இடமாகிப்போனது. வருகிறவர் எல்லோருமே "ரெண்டு நாள்தான்" என்பார்கள்.

அங்கே முப்பது வருடமாக அறை துடைத்தவளின் அண்ணனும் அப்படித்தான் சொன்னார். வேறு மறைமாவட்டத்துக் குரு. குடித்துவிட்டுப் பூசைக்கு வந்தார் என்று பங்கு மக்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதினேழாம் அறையில் ஆறு வருடம் ஓடிவிட்டது. குடியை அடியோடு விட்டார். மாதம் தவறாமல் தன் மறைமாவட்டத் தலைவரான ஆயருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கூடப் பிறந்தவளும் அங்கே அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிட்டாள்.

இல்லம் ஓர் ஓட்டல்காரருக்குக் கைமாறியது. மற்ற குருக்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடானது. வேறு மறைமாவட்டத்தவர் என்பதால் பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை. அவள் பொறுப்பாளர் குருவிடம் போய் நின்றாள்.

"நான் என்னம்மா பண்றது? அவரோட ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டேன். 'அவரா? இன்னும் உயிரோடவா இருக்காரு?'ன்னு கேக்கறாங்க."

அதை அவள் விழுங்கிக்கொண்டாள். அண்ணனிடம், "நம்ம வீட்டுக்கு வந்துடுங்க சாமி" என்று மட்டும் சொன்னாள்.

"தங்கச்சி வீட்டு மூலையில முடங்கவா நான் குருவானேன்?"

எங்கிருந்துதான் வந்ததோ அவளுக்கு அத்தனை கோபம். "உன்னைக் குருவாக்கத்தானே அண்ணே என்னை எட்டாவதோட நிறுத்துனாங்க! நீ இன்னும் உயிரோட இருக்கியான்னு கேக்கறாங்களாம் உன் ஆளுங்க!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அறை காலியாகக் கிடந்தது. நான்கு நாள் தேடினார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரோரம், குடித்துச் சுருண்டு கிடந்தார். அங்கியெல்லாம் வாந்தி. அவளும் கணவனும் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, கணவனின் பழைய சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் கைகூப்பிக் காத்திருந்தாள்.

"சாமி, நீங்க செபம் சொல்லுங்க" என்றான் கணவன்.

சாப்பாடு ஆறிப்போனது.

"மச்சான்னே கூப்பிடுங்க" என்றார் அண்ணன் கடைசியில். "செபத்தத் தங்கச்சி சொல்லட்டும்."

அவள் செபத்தைத் தொடங்கினாள். அவர் கைகூப்பவில்லை.