அஸ்திவாரமா, தூணா?

வீடு கட்டுகிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பார்கள். நாங்கள் கட்டியபோது எங்களுக்குப் பிடிக்கவில்லை, எங்களைப் பெற்றவர்களுக்குப் பிடித்தது. அதுவும் கல்லாலோ சுண்ணாம்பாலோ இல்லை, இரண்டே இரண்டு சொல்லால்.

கல்யாணமான நாள் முதல் நானும் என் வீட்டுக்காரர் தோப்ரியும் என் மாமியார் ஸ்தோயாவின் வீட்டில் இருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. நான் உப்புப் போட்ட பீன்ஸில் அத்தை மறுபடியும் உப்புப் போடுவார். நான் பெருக்கிய தரையை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தரம் பெருக்குவார். எனக்கென்று ஒரு கூரை வேண்டும், அதன் கீழே என் உப்பு மட்டும் போட்ட ஒரு சட்டி வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் யாராவது ஒருவர் தலையில் அந்தச் சட்டி உடையும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

என் அம்மா ராய்னா தன் பிளம் தோப்பின் ஓரத்தில் இடம் கொடுத்தாள். அத்தை, தொழுவத்தை இடித்து மரமும் ஓடும் தருவதாகச் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெல்கோ மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தார். சேவல் அறுத்து அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, முன்தாழ்வாரத்தில் ஓக் மரத் தூணும் நிறுத்திவிட்டார். இனி முகட்டு மரம் ஏற்றி ஓடு வேய வேண்டும். குளிர் தொடங்கும் புனித திமித்ரியின் நாள் வந்துவிட்டால் கொத்தனார் எவரும் இங்கே நிற்க மாட்டார்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் ஓடு ஏறாவிட்டால் பனி முழுவதும் என் வீட்டுக்குள்தான் விழும்.

முகட்டு மரம் ஏறும் நாளில் எங்கள் பக்கத்தில் சட்டை கூவுவது வழக்கம். சொந்தபந்தம் எல்லாரும் மேஸ்திரிக்குச் சட்டையும் துண்டும் கொண்டு வருவார்கள். அவர் முகட்டின் மேல் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, கொடுத்தவரின் பெயரை ஊரே கேட்கும்படி கூவுவார். வீட்டில் நெய்த முரட்டுத் துணியைக் கப்பலில் வந்த பட்டு என்பார். பொய் எவ்வளவு பெரிதோ மரியாதையும் அவ்வளவு பெரிது. அன்று கிடைக்கிற பட்டம் செத்த பிறகும் ஒட்டிக்கொண்டு வரும்.

வெல்கோவுக்கு ஒரு கெட்ட பழக்கம், கூவப் போவதைச் சாராயக்கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார். இடம் கொடுத்த ராய்னா இந்தக் குடும்பத்தின் அஸ்திவாரம், மரம் கொடுத்த ஸ்தோயா இந்தக் குடும்பத்தின் தூண் என்று அவர் கூவிப் பார்த்தது சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் இருவருக்கும் பூரிப்புதான். அது ஒரு நாள் தாங்கியது. மறுநாள் கிணற்றடியில் யாரோ என் அம்மாவிடம், அஸ்திவாரம் மண்ணுக்குள் கிடப்பதுதானே, மேலே எல்லாரும் மிதித்துக்கொண்டு நடப்பார்கள், வீட்டுக்கு வருகிறவன் எவனாவது அஸ்திவாரத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதுண்டா என்று கேட்டுவிட்டார்கள். அம்மா வாளியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதே நேரம் மாவு மில்லில் அத்தையிடம் வேறு யாரோ, தூண் உளுத்துப்போனால் பிடுங்கிவிட்டு வேறு தூண் வைப்பார்கள், அஸ்திவாரத்தை எவன் மாற்ற முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா ஒரு பாலாடைப் பணியாரத் தட்டோடு மேஸ்திரியிடம் போய், என்னைத் தூண் என்று மாற்றிச் சொல்லுங்கள் என்றாள். அத்தை ஒரு ஜாடி பிளம் சாராயத்தோடு போய், என்னை அஸ்திவாரம் என்று சொல்லுங்கள் என்றார். இவ்வளவு சுலபமான வேலை வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று மேஸ்திரி இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஆனால் தான் விட்ட சொல்லை மற்றவள் ஓடி வந்து எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும் இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு ஆசை வந்தது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. மறுபடி பணியாரம், மறுபடி சாராயம், மறுபடி மாற்றம். வெல்கோ மேஸ்திரி அந்த மாதம் நன்றாகச் சதை பிடித்தார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். நெஞ்சில் பலம் இருப்பவள் தூணா, பொறுமை இருப்பவள் அஸ்திவாரமா? குடும்பம் ஆட்டம் கண்டால் முதலில் எதைக் குறை சொல்வார்கள்? தோப்ரியிடம் கேட்டால், கழுதைக்குத் தீனி வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கழுதையும் சதை பிடித்தது. சம்பந்திகள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

சமாதானமாக ஏதாவது செய்யலாம் என்று நான் நினைத்ததுதான் தப்பு. புது வீட்டுக்குப் போகும் நாளில் அத்தைக்கு ஒரு கம்பளி மேல்சட்டை தைத்துக் கொடுக்க எண்ணினேன். அளவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஆகையால் ஒரு மத்தியானம் அவர் முற்றத்தில் குனிந்து மிளகாய் கோத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நூலை எடுத்துக்கொண்டு பின்னால் போய், முதுகை அளக்கக் கையை நீட்டினேன். அத்தை திரும்பினார். நூலைப் பார்த்தார். தரையில் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் மிளகாய்க்குப் போய்விட்டது.

கட்டடம் நடக்கும் இடத்தில் நூலைக் கண்டால் எங்கள் ஊரில் பெரிய ஆம்பிளையும் வெயிலை விட்டு ஒதுங்குவான். ஒருவரின் நிழலை அளந்து அந்த நூலை அடிக்கல்லுக்குக் கீழே வைத்துவிட்டால் கட்டடம் அசையாது. நிழலுக்குரியவர் அடுத்த பனியைப் பார்க்க மாட்டார். எங்கள் வாசற்படிக்கோ குழி தோண்டி அடிக்கல் இன்னும் போடாமல் கிடந்தது.

"அஸ்திவாரம் அஸ்திவாரம்னு நீங்க எல்லாரும் சொன்னது இதுக்குத்தானாடி?" என்றார் அத்தை.

சட்டைக்கு அளவெடுத்தேன் என்று நான் சத்தியம் செய்தேன். சட்டைக்கு அளவெடுக்கிறவள் பூனை மாதிரி பின்னால் ஏன் வருகிறாள் என்று கேட்டார். அன்றே ஓட்டுக் குவியல் இருந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு வெயிலில் காலே வைக்கவில்லை. கோழிக்குத் தீனி போடக்கூடச் சுவரோரமாக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். ஒரு ஓடுகூடத் தர மாட்டேன் என்று தோப்ரி மூலமாகச் சொல்லி அனுப்பினார். தோப்ரி அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கழுதையிடம் போய்விட்டார்.

முகட்டு மரம் ஏறிய நாளில் மேகமே இல்லை. ஊரே வந்திருந்தது. அத்தையும் வந்தார், வராவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, வாதுமை மரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டார். மரத்தின் கீழே குடை பிடித்து நிற்பவரைப் பார்த்து ஜனங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா எதிர்ப்பக்கம் பீன்ஸ் அண்டா அருகில் முறைத்தபடி நின்றாள்.

மேஸ்திரி சட்டைகளைக் கூவ ஆரம்பித்தார். என் மாமன் மகன் கொண்டு வந்த ஒட்டுப்போட்ட துண்டு ராஜாவின் படுக்கை விரிப்பு ஆனது. கடைசியில் இரண்டு சட்டைகள் மிஞ்சின. அவர் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார்.

"ஸ்தோயா அம்மா, எந்தச் சொல்லு உங்களுக்கு, எந்தச் சொல்லு அவங்களுக்கு? இன்னிக்குக் காலை வரைக்கும் மாத்தியிருக்கீங்க."

"எனக்கு ஒரு சொல்லும் வேணாம்," என்றார் அத்தை குடைக்குள்ளிருந்து. "ஓடும் கிடையாது."

அந்தக் கணத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. திமித்ரி நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்த ஒரே அடுப்பும், அந்தச் சட்டியும், அந்த இரண்டாம் உப்பும் கண் முன்னே வந்தன. இடுப்பில் செருகியிருந்த அளவு நூலை உருவினேன். நடு வெயிலில் போய் நின்று, ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையை என் சொந்த நிழலின் தலை வரை வீசி, அளந்து அறுத்தேன்.

"மேஸ்திரி, வாசப்படிக் குழியில இதை வைங்க. யாராவது ஒருத்தர் அஸ்திவாரமாகணும்னா நானே ஆகிட்டுப் போறேன். ஓடு வந்தா சரி."

நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, இருந்தும் நூலை உடம்பிலிருந்து எட்டவே பிடித்திருந்தேன்.

முதலில் குடை பறந்தது. அத்தை பளீரென்ற வெயிலில், தன் நிழல் நீளமாகப் பின்னால் இழுபட, பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் நூலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். நூல் படீரென்று அறுந்தது. அம்மா அந்தப் பக்கமும் அத்தை இந்தப் பக்கமும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

"கேடுகெட்டவளே," என்றார் அத்தை தரையிலிருந்தே. "வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு நிழலை அளக்குறியே, புத்தி இருக்கா உனக்கு?"

நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தோப்ரியிடம்கூட. காலையில் பால் காயும் வாடைக்கு நான் கொல்லைக்கு ஓடியதை, எனக்குத் தெரியாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கோபத்தில் பிள்ளை நினைப்பே வராத எனக்கு வெட்கத்தில் கண் நிறைந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, பல வாரங்களுக்குப் பின் முதல் தடவையாக, அத்தையைப் பார்த்தாள்.

"நிஜமாவா சம்பந்தி?"

"மூணாம் மாசம் சம்பந்தி. நான்தான் பேசாம இருந்தேன்." அத்தை தூசியைத் தட்டினார். "இவளைத் தனி வீட்டுல விட்டா உருப்படுமா?"

"உருப்படாது," என்றாள் என்னைப் பெற்றவள்.

மேலேயிருந்து மேஸ்திரி, இப்போது என்ன கூவட்டும் என்று கேட்டார். வாயில் வந்ததைக் கூவிவிட்டுச் சீக்கிரம் இறங்கு, ஓடு சுமக்க ஆள் வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொட்டகைச் சாவி அத்தையின் கழுத்திலிருந்து தோப்ரியின் கைக்குப் போனது. அவர் இந்தத் தடவை நிஜமாகவே கழுதையைக் கூட்டி வந்தார், சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும்.

திமித்ரி நாளுக்கு முந்தின சாயங்காலம் கடைசி ஓடு ஏறியது. என் கூரை. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஒரு சுற்று ஆடினேன். அப்போது கொல்லன் வாசல் பூட்டுக்கு இரண்டு சாவி கொண்டு வந்தான். ஒன்றை அத்தை வாங்கி முடிந்துகொண்டார், மற்றதை அம்மா வாங்கி முடிந்துகொண்டாள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு படுக்கை மூட்டைகளும் ஒரு பெரிய உப்பு ஜாடியும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.

எனக்குச் சாவி எங்கே என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குடி சாவி?" என்றார் அத்தை. "நீ எப்ப வந்து தட்டினாலும் திறக்க நாங்க ரெண்டு பேரும் உள்ளதானே இருப்போம்."