ஒன்பதாவது கோப்பை

ஜனார்த்தன் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது சின்னதாக ஒரு இருமல் வரும். அதுவும் வந்தது. இருபத்திரண்டு வருடங்களாகக் கேட்காத சத்தம். ஒற்றைக் காலில் நின்றபடி, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் மகள் மஹதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. ஐரோப்பாவில் சனிக்கிழமை மாலை நடக்கும் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டியை, ஆக்லாந்தின் பக்குரங்காவில் நாங்கள் ஜூன் மாதக் குளிரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு பார்ப்போம். ஸ்பெயின் கிளப்பான ரியல் மாட்ரிட் விளையாடினால் ஜனார்த்தன் வீட்டில் கூட்டம் கூடும். ஐடி வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவன் அவன். மலேசியாவின் ஈப்போக்காரனான நான் அந்தக் கூட்டத்தின் சரித்திர ஆசிரியர். 1902இல் கிளப் தொடங்கியது, 1956 முதல் தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், 66க்குப் பிறகு அடுத்ததற்கு முப்பத்திரண்டு வருடம் காத்திருந்தது, எல்லாம் என் நாக்கு நுனியில். ஆனால் அவர்கள் என்னை மதித்தது அதற்காக அல்ல. 2002இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒன்பதாவது கோப்பை ஜெயித்த அன்று நான் மைதானத்தில் இருந்தவன் என்பதற்காக.

நான் இருக்கவில்லை. இருந்தவன் சஞ்சீவன். இப்போது அதே சிரிப்போடு, என்னைப் பார்த்துச் சோபாவிலிருந்து எழுந்துகொண்டிருப்பவன்.

"தாஸ்! மோகனதாஸ்தானே? என்ன ஐசே, தலை முழுக்க நரைச்சுப் போச்சு!"

கட்டிப்பிடித்தான். அவன் மகள் ஆஸ்பத்திரி வேலைக்கு இங்கே வந்ததால் அவனும் ஸ்காட்லாந்தை விட்டு வந்துவிட்டானாம். இரண்டு மாதமாக ஜனார்த்தனின் பக்கத்து வீடு. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

அப்போது கிளாஸ்கோவில் நான் பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். சஞ்சீவன் பெட்ரோல் பங்கில் வேலை. ஒரே ஃபிளாட். குலுக்கலில் அவனுக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. "வாரும் தாஸ், இதைவிட்டா வாழ்க்கையில கிடைக்காது" என்றான். எனக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை. போகவில்லை. மறுநாள் காலை சமையலறையில் நின்று அவன்தான் எனக்கு அந்த வெற்றிக் கோலை நடித்துக் காட்டினான். பந்து உயரத்தில் போகிறது, மாட்ரிட்டின் ஜிடான் திரும்பிக் காத்திருக்கிறார், அது இறங்கி வரும்வரை அசையவில்லை, பிறகு இடது கால். செருப்போடு காலைத் தூக்கியதில் அவன் டீக் கோப்பையைத் தட்டிவிட்டான்.

ஆக்லாந்து வந்த புதிதில் ஹென்டர்சன் மருந்துக்கடையில் ஒருவர்கூட என்னிடம் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் மதியம் கால்பந்துப் பேச்சு வந்தபோது, "அந்த மேட்சில் நான் இருந்தேன்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஏழு வயதில் மஹதிக்கு அதைத் தூங்கும் கதையாகச் சொன்னேன். அவள் கால்பந்து ஆடத் தொடங்கியதே அதனால்தான். இப்போது பிளாக்ஹவுஸ் பேயில் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

முதல் பாதியில் மாட்ரிட் திணறியது. எதிரணியான டோர்ட்மண்ட் அடித்த பந்து ஒன்று கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளையில் ஜனார்த்தன் காபி டம்ளர்களோடு வந்தான்.

"சஞ்சீவன் சார், உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நம்ம தாஸ் அண்ணன் கிளாஸ்கோ ஃபைனலை நேர்ல பார்த்தவரு. அண்ணே, சொல்லுங்கண்ணே."

"அதெல்லாம் பழைய கதை, விடுப்பா" என்றேன்.

"நான் சொல்றேன்" என்று மஹதி எழுந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல், நான் சொல்வதுபோலவே. கிளப்பின் நூறாவது பிறந்தநாள் அன்று சொந்த மைதானத்திலேயே உள்நாட்டுக் கோப்பையைத் தோற்ற அவமானம், இரண்டு மாதம் கழித்து கிளாஸ்கோ, உயரத்தில் போன பந்து, இடது கால், பக்கத்து இருக்கையில் ஸ்பானியக் கிழவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் தோன்றியது.

ஜனார்த்தன் சஞ்சீவனிடம் கேட்டான். "நீங்களும் அப்ப அங்கதான இருந்தீங்க? போகலையா சார்?"

சஞ்சீவன் காபியை ஒரு மிடறு குடித்தான்.

"இல்லை தம்பி. எனக்கு அண்டைக்கு வேலை. டிவியிலதான் பார்த்தனான்."

இரண்டாம் பாதியில் கார்வஹால் தலையால் முட்டிக் கோல் போட்டதும், ஒன்பது நிமிடம் கழித்து வினிசியஸ் அடித்ததும் எனக்கு மற்றவர்களின் கூச்சலாகத்தான் தெரிந்தன. பதினைந்தாவது கோப்பை. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

வெளியே காருக்கு வரும்போது சஞ்சீவன் வேலியோரம் நின்றிருந்தான்.

"சஞ்சி, ஏன் நீ சொல்லல?"

"பிள்ளை எவ்வளவு சந்தோஷமாச் சொல்லிக்கொண்டு நிக்குது. அதுக்குள்ள நான் என்னத்தைக் கதைக்கிறது?" மஹதி ஏறியிருந்த காரைத் திரும்பிப் பார்த்தான். "அது கிழவர் இல்லை தாஸ். ஒரு பொம்பிளை. புருஷன்ர டிக்கெட்டில வந்தவ. மனுசன் செத்து ஒரு மாசம். அதைத்தான் சொல்லி அழுதவ. உமக்குச் சொன்னனான், நீர் மறந்திட்டீர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் இருந்திருக்கும். அவன் வேலியின் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு, "ஒருநாள் சாப்பிட வாரும்" என்று உள்ளே போனான்.

மஹதிதான் ஓட்டினாள். பான்மியூர் பாலம் வருவதற்கு முன்பு சொன்னேன்.

"மஹதி, நான் அந்த மேட்சுக்குப் போகலம்மா. போனது அந்த அங்கிள்தான்."

சிரித்தாள். "டாட், ஸ்டாப் இட்."

நான் சிரிக்கவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவர் டிவியில பார்த்தேன்னு சொன்னாரே."

"எனக்காகச் சொன்னாரு."

இண்டிகேட்டரைப் போட்டு ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கை எடுக்காமல், மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறேன், பந்து இறங்கும்வரை காத்திருங்கள், என் அப்பா அதைக் கண்ணால் பார்த்தார் என்று. இனி என்ன சொல்வது?"

"மன்னிச்சிடு" என்ற சொல்லைத் தமிழில் அவளிடம் அதுவரை நான் சொன்னதில்லை. சொன்னேன். கேட்டாளா தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போனாள்.

ஆற்றில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. அலையாத்திச் செடிகளுக்கு முன்னால், வெள்ளை ஜெர்சியின் கைகளை விரல் மறையும் அளவு இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றாள். காருக்குள் அவள் அணைக்காமல் விட்டுப்போன இண்டிகேட்டர் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, நாங்கள் புறப்படப்போகிறோம் என்று நினைத்து, எங்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்துவிட்டுப் போயின.