பேச்சு: அறவே இல்லை

கிள்ளானில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில், குணபூசணியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு ஃபைலும் அலமாரிக்குப் போனதில்லை. நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணை ஃபைலில் பதிவது அவள் வேலை. டாக்டர் எழுதியதை மாற்ற அதிகாரமில்லை. சந்தேகம் வந்தால் மாடியேறிக் கேட்கலாம். அவளுக்குச் சந்தேகம் வராத நாள் ஏது?

அன்று வந்தது வீரம்மாவின் ஃபைல். லோரி ஓட்டும் கார்த்திகேசுவின் மனைவி. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 'பேச்சு: அறவே இல்லை. கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். முகம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. மிகக் கடுமை' என்று டாக்டர் மார்க்கிரட் எழுதியிருந்தார். சொன்னால் புரிந்துகொள்கிறவர்களுக்குத்தான் பயிற்சி வார்டில் இடம். அதனால் வீரம்மாவை மறுநாள் பந்திங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அங்கே போனால் படுத்த படுக்கைதான். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது.

எண்ணைப் பதியப் போனவளின் கண்ணில் மலாய் நர்ஸின் குறிப்பு பட்டது. அதே நாள் காலை: 'கோப்பி கேட்டார். கொடுக்கவில்லை. ஏசினார்.'

பேச்சே இல்லாதவள் எந்த வாயால் ஏசுவாள்? குணபூசணி ஃபைலோடு மாடியேறினாள்.

"நர்ஸ் ஆள் மாத்தி எழுதியிருப்பாங்க ஆன்டி," என்றார் மார்க்கிரட். "நான் தமிழ்லதான் கேட்டேன். சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். இப்ப அதே கேள்விய உங்களையே கேக்குறேன், உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

குணபூசணி கண்ணைத் தாழ்த்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழக்கதோஷம். திருப்பிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மெல்லத் திரும்பினால், மார்க்கிரட் வாய் பிளந்து நின்றார். அவர் வீட்டில் அம்மா அப்பாவை 'ஜார்ஜ்' என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். பாவம், பிள்ளை என்ன கண்டது?

"ஐயோ ஆன்டி," என்றார் மார்க்கிரட். இருவரும் வார்டுக்கு ஓடாத குறையாகப் போனார்கள்.

கட்டிலருகே கார்த்திகேசு, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மார்க்கிரட் குனிந்து கேட்டார்: "அக்கா, இவரு யாரு?"

வீரம்மாவின் வாய் கோணலாகத் திறந்தது. "வாசு... அப்பா."

"இடது கையைத் தூக்குங்க."

கை எழுந்தது. எழுந்த கை, பக்கத்தில் நின்ற நர்ஸைக் காட்டியது. "கோப்பி... எங்க?"

குணபூசணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மார்க்கிரட் அங்கேயே பழைய வரியை அடித்து, கையெழுத்துப் போட்டு எழுதினார்: 'பேச்சு: குழறல். புரிந்துகொள்கிறார். பயிற்சி வார்டுக்கு மாற்றவும்.' நடந்ததைக் கார்த்திகேசுவிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டார்.

கார்த்திகேசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லலன்னுதானா நீங்க பயந்தீங்க டாக்டர்?" என்றார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாளும் சொன்னதில்ல. அவ மட்டும் சொல்லியிருந்தா, மூளைதான் போயிருச்சுன்னு நான் பயந்திருப்பேன்லா."