திறந்துவிட்ட சைலன்சர்

சாலமோன் மறுபடியும் கயிற்றை இழுத்தான். மிஷின் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. "எழவு!" என்று அதைத் தரையில் வைத்துவிட்டு நெற்றி வேர்வையை வழித்தான்.

மரம் அறுக்கிற மிஷின் அது. கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடையில் உடைந்த மோட்டார்களுக்கு அடியில் கிடந்ததை, மனைவி விக்டோரியாவின் கம்மலை விற்று வாங்கி வந்திருந்தான். பத்து இழுப்பு இழுத்தால் சும்மா ஓடும். கட்டையில் வைத்தால் போதும், மூச்சை விட்டுவிடும். போன வாரம் சவுக்குத் தோப்புக்காரர் ஒருவர், "இத்த வச்சிகினு மரமா அறுப்ப? வெங்காயம் அரி, போ" என்று கூலியாட்கள் முன்னால் சிரித்தே அனுப்பிவிட்டார்.

எதிரே குந்தியிருந்த இம்மானுவேல், விக்டோரியாவின் தம்பி, சைலன்சரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இரும்பு உருக்குகிற கம்பெனியில் குழம்பு தெறித்து வெந்த கை.

"இத்தப் பாரு மாமா. ஓட்ட பூரா கரி. பொகை எப்டி வெளிய வரும்? தொறந்து வுட்டுரலாமா?"

"சத்தம் ஜாஸ்தியாவுமேடா."

"ஆவட்டுமே. தோப்புல யாரு தூக்கம் கெடப்போவுது?"

சைலன்சருக்குள் கரி அடைத்திருந்த கம்பி வலையைப் பிடுங்கி எறிந்தார்கள். ஓட்டையை அரம் போட்டு அகலப்படுத்தினார்கள். கார்ப்ரேட்டரைப் பெட்ரோலில் கழுவி, வெடித்துப்போன பெட்ரோல் டியூபை மாற்றினார்கள். இம்மானுவேல் அந்த ஒட்டின விரல்களுக்குள் அரத்தை இடுக்கிக்கொண்டு, செயினின் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினான். சாலமோன் கையை நீட்டி, "குடுடா, நான் பண்றேன்" என்றான். மச்சான் கொடுக்கவில்லை.

"இப்ப காத்து ஜாஸ்தியாப் போவும் மாமா. பெட்ரோல் திருகாணியக் கொஞ்சம் தொற, இல்லாங்காட்டி பிஸ்டன் ஜாமாயிடும். முழு ரேஸ்ல லேசாத் திக்கணும். மரத்துல எறங்குனா திக்கல் நிக்கணும். அதான் கணக்கு."

அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன சத்தம்! தெருவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. வேப்பங்கட்டையில் வைத்தான். திக்கல் தெளிந்து, செயின் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இம்மானுவேல் சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினான்.

"இனிமே இந்தச் சத்தத்த எங்க கேட்டாலும் எங்க மாமா மிஷினுன்னு சொல்லிருவேன்!"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் மரத்தாண்ட போறேன். நீ வர்லியா?"

"இடுப்பு வலிக்குதுடா. நாளைக்கு வரேன்."

அந்த நாளை என்பது வெகு நாளாக வராமலேயே இருந்தது. மரம் என்றால் கம்பெனி கேட்டுக்கு வெளியே, சுவரோரமாக நின்ற புங்க மரம். இம்மானுவேலின் கை வெந்தபோது, "வைத்தியச் செலவக் கம்பெனிதான் தரணும்" என்று முதலில் குரல் கொடுத்தவனே சாலமோன்தான். அவனையும் அவனோடு சேர்ந்து நின்ற கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் மறுநாளே கேட்டில் மடக்கி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் வேலையைத் திருப்பிக் கேட்டு அந்தப் புங்க நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இம்மானுவேலுக்கும் கம்பெனியில் பெருக்குகிற அஞ்சம்மாளுக்கும் நடுவில் சாலமோனுக்கென்று ஓர் இடம் உண்டு. வீட்டில் அரிசி டப்பா காலியானதும் அவன்தான் மெல்ல நழுவினான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நான்கு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

சாயங்காலம் பாஸ்கர் பைக்கில் வந்து நின்றான். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர்.

"உம் மிஷின் சத்தம் மெயின் ரோடு வரிக்கும் கேக்குதே! வேல ஒண்ணு கீது, செய்றியா? கேட்டாண்ட கீற புங்க மரத்த எடுக்கணும்."

"அண்ணே, அங்க நம்ப ஆளுங்க குந்தினு கீறாங்க."

"அதுக்குத்தான்பா எடுக்கறதே. நெழல் இல்லன்னா எத்தினி நாளு குந்துவாங்க? நீ இல்லன்னா வேற ஒருத்தன் வந்து அறுத்துட்டுப் போறான். மரம் எப்டியும் நிக்காது. நீ செஞ்சேன்னா கம்பெனி உள்ள கீற மரம் பூரா உனுக்குத்தான், வருசம் பூரா வேல. யோசி."

"தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்க?"

"ஞாயித்துக்கெழம காலைல வா. உங்காளுங்க சர்ச்சுல இருப்பாங்க. அஞ்சம்மா கறி வாங்கப் பூடும். யாரு பாக்கப்போறா?"

சாலமோன் சரியென்று தலையை ஆட்டினான். ஆட்டின தலையை அப்புறம் நிமிர்த்தவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். விக்டோரியா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடம்பு சுடலியே?"

"உள் காய்ச்சல். நீ தம்பி கூடப் போ. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு."

அவள் கஞ்சி வைத்து மூடிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, மிஷினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினான். சீ, திருடன்கூடக் கொஞ்சம் தைரியமாகப் போவான்.

பாஸ்கர் அனுப்பிய இரண்டு பேர் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மரத்தடியில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. வேரிடுக்கில் அஞ்சம்மாளின் வெற்றிலைச் சுருக்குப்பை செருகியிருந்தது. சாலமோன் அதை எடுத்து ஓரமாக வைத்தான்.

மிஷின் ஊரைக் கூட்டியது. சர்ச்சு அதிக தூரமில்லை. சத்தம் போடாதே என்று அதைக் கெஞ்சவா முடியும்? சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அழுத்தினான். முடிந்தது. மச்சான் தீட்டிய பற்கள் எங்கேயும் சிக்கவில்லை. விழவேண்டிய பக்கம் முதலில் ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் வந்து மிஷினை இறக்கினதும் மரம் ஒருமுறை முனகிவிட்டுச் சாய்ந்தது. சுவிட்சை அணைத்தான்.

அணைத்திருக்கவே கூடாது. அந்த அமைதியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளைச் சட்டையில், கக்கத்தில் பைபிளோடு இம்மானுவேல் நின்றான். அவன் பின்னால் சர்ச்சிலிருந்து எழுந்து வந்த மற்றவர்கள். கறிப் பையோடு அஞ்சம்மாள். முக்காட்டை எடுக்காமல் விக்டோரியா.

"பாட்டு பாடினு இருந்தோம் மாமா" என்றான் இம்மானுவேல். குரலில் கோபமே இல்லை. "சத்தம் கேட்டுச்சு. நம்ப மிஷினுன்னு அக்காகிட்ட சொன்னேன். இல்லடா, மாமா காய்ச்சலாப் படுத்துனு கீறாருன்னுச்சு."

காறித் துப்பியிருந்தால் சாலமோன் துடைத்துக்கொண்டிருப்பான். சட்டையைப் பிடித்திருந்தால் பதிலுக்குப் பிடித்திருப்பான். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அஞ்சம்மாள் சுருக்குப்பையை எடுத்துத் தூளைத் தட்டினாள். "பத்திரமா எடுத்து வச்சியே, நல்லாருப்பா" என்றாள். அது குத்தலா நிஜமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவர்கள் எப்போதும் உட்காருகிற வரிசையிலேயே, மிச்சமிருந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். இம்மானுவேலுக்கும் அஞ்சம்மாளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது. விக்டோரியா அவனைப் பார்த்தாள். பிறகு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒருநாளும் அந்தக் கம்பெனியில் வேலை செய்தவள் இல்லை.

"இன்னாபா நின்னுகினு கீற?" கேட்டின் திட்டிவாசல் வழியாகப் பாஸ்கர் எட்டிப் பார்த்தான். "அடிமரத்த வட்டம் வட்டமா அறு. மேனேஜருக்கு ஆபீஸ் புல்தரையில போட்டுக் குந்தறதுக்கு ஸ்டூலு மாதிரி வோணுமாம். மேல் பக்கம் வழவழன்னு இருக்கணும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன், குனிந்து கயிற்றைப் பிடித்தான். கர்த்தாவே, இது பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. முழு ரேஸில் லேசாகத் திக்கியது. மரத்தில் இறங்கியதும் திக்கல் நின்றது. வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வாட்ச்மேன் ஒன்றை நிமிர்த்திப் போட்டு, உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தான். "ஆடல சார், சூப்பரா கீது" என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

வெயில் ஏறியது. விக்டோரியா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, முந்தானை ஓரத்தைத் தம்பியின் வெந்த கைமேல் போர்த்தினாள்.