முன்வரிசையில் தூங்கியவர்

டேப்புக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் போகிற இடமெல்லாம் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை உருவிச் சுவரையும் ஜன்னலையும் அளக்கிறவனை மற்றவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கட்டட வரைபடம் போடுவது அவன் பிழைப்பு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற மகானுபாவன்.

அவனுடைய அக்கா வயலின் வாசிப்பவள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கச்சேரி கச்சேரி என்று வெளியூரிலேயே இருந்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றவளிடம், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உனக்கெல்லாம் எதுக்கு அப்பா? அந்த வயலின் பெட்டியையே கட்டிக்கிட்டு அழு!" என்று கத்திவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சுதான். சொன்னது அநியாயம் என்று அவனுக்குப் பிற்பாடு உறைக்காமல் இல்லை. ஆனால் கூப்பிட்டுச் சொல்ல வீம்பு விட வேண்டுமே! வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வாரம் ஒரு உறை வந்தது. உள்ளே அவள் வாசிக்கும் கச்சேரிக்கு ஒரே ஒரு டிக்கெட். முதல் வரிசை, நட்ட நடு இருக்கை. கச்சேரி நடக்கும் இடமோ, அவன் படிக்கிற காலத்திலிருந்து படத்தில் மட்டுமே பார்த்துப் பார்த்து ஏங்கிய பழைய இசை மண்டபம்.

"இந்தத் தடவையாவது வாயத் திறந்து மன்னிப்பு கேளுங்க," என்றாள் மனைவி. "கட்டடத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துடாதீங்க."

"நான் என்ன அவ்வளவு மட்டியா?" என்று கிளம்பிப் போனான்.

சீக்கிரமே போய்விட்டான். உள்ளே நுழைந்ததும் ஆளே மாறிப்போனான். லாடம் போல வளைந்த கூடம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பால்கனிகள். கூரை முழுக்க மரம், தேனின் நிறத்தில். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தான். டேப்பையும் எடுத்தாயிற்று.

"சார், அதெல்லாம் கட்டறப்பவே அளந்துட்டாங்க," என்று சிரித்தார் வாயிற்காவலர். அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது. "நம்ம மண்டபத்துல ஒரு விசேஷம் உண்டு. முன்னாடி உக்காந்தா சத்தம் தலைக்கு மேல போயிடும். மேல கடைசி மாடியில உக்காந்து பாருங்க, வாசிக்கறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும்."

போதாதா? மாடிப்படியில் ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் கடைசி மாடி டிக்கெட், காலில் மூட்டுவலி. "ஐயா, நாம மாத்திக்கலாமா?" என்றான் டேப்பு. பெரியவர் அவனை வாழ்த்திவிட்டுக் கீழே இறங்கினார். புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று, நல்ல இடமும் கிடைத்தது என்று அவனுக்கு ஏக சந்தோஷம். பாவி மனுஷன்.

விளக்குகள் அணைந்தன. அக்கா தன்னந்தனியாக மேடைக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. இவ்வளவு நரையா என்று நினைத்துக்கொண்டான். அவள் குனிந்து கூட்டத்தைப் பார்த்தாள். பார்த்தவள் ஏனோ சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு வில்லை எடுத்தாள்.

காவலர் சொன்னது பொய்யில்லை. வில் தந்தியில் உரசும் சத்தம் காதோரம் கேட்டது. பாதியில் ஓர் இடத்தில் இசை சட்டென்று அறுந்தது. கூடம் முழுக்க நிசப்தம். அவள் மூச்சை இழுப்பது அவனுக்குக் கேட்டது. மறுபடி வாசிப்பு தொடர்ந்தது. அடேயப்பா, நிசப்தத்தைக்கூட இந்தக் கூரை எப்படித் தூக்கிக்கொண்டு வந்து தருகிறது என்று சிலிர்த்துப்போனான்.

முடிந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கி, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினான். அக்கா வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா?" என்றாள். நிமிர்ந்தவளின் கண்கள் சிவந்திருந்தன.

"ஆரம்பத்துல இருந்தே இருந்தேன்க்கா. மூணாவது மாடியில. அங்கதான் பிரமாதமா கேக்குமாம். மரக்கூரை இல்லையா, அந்த வளைவுல சத்தம் பட்டு..." மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது. வாயில் வந்ததென்னவோ கூரை.

அவள் அவனை முடிக்க விட்டாள்.

"மேடையில நிக்கறப்ப லைட்டு கண்ணுல அடிக்கும்டா. முதல் வரிசையத் தாண்டி ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் அந்த சீட்டு. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாசிக்கணும்னு ஆசை. பாத்தா யாரோ ஒரு பெரியவர் வாயப் பொளந்து தூங்கறார். தம்பி டிக்கெட்ட எவருக்கோ தூக்கிக் குடுத்துட்டான், அவன் கோவம் இன்னும் ஆறலன்னு நெனச்சேன். நடுவுல கை நின்னே போச்சு."

"நாளைக்கு வரேன்க்கா. முன்னாலயே உக்காந்துக்கறேன்."

"நாளைக்குக் கச்சேரி இல்ல. இன்னைக்கே ஊருக்குக் கெளம்பறேன்." பெட்டியை மூடினாள். "நான் நிறுத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அவ்வளவு மேலயா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நல்ல கட்டடம்தான்," என்றாள் அக்கா.