பூட்டிய ஹேண்டில்

ட்ரில் மெஷினின் முனையைச் சாவித் துளைக்கு நேராக வைத்த பிறகும் கலீமுக்குக் கை வரவில்லை. ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில், அந்த வீட்டின் பக்கச் சந்தில், தகரக் கூரைக்கு அடியில் புல்லட் நின்றிருந்தது. ஹேண்டில் இடது பக்கம் முழுதாகத் திரும்பி, அப்படியே பூட்டியிருந்தது. ஆடி மாதம் கொள்ளிடக் கரையில் ஹ்ருஷிகேஷ் நிறுத்திவிட்டுப் போன அதே நிலை. போலீஸ் விசாரணை முடிந்து நாலு பேர் தூக்கி மினி லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியதோடு சரி, அதன் பிறகு அது அசையவில்லை. ஆனால் வண்டியில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. டேங்க், மட்கார்டு, ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியும் துடைத்து மினுங்கியது.

"தெனம் அவன் அம்மாதான் தொடைக்கறா," என்றார் ஹ்ருஷிகேஷின் அப்பா அழகியமணவாளன். சந்தின் முனையில், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "சாவி அவன்கிட்டன்னா இருக்கு, அவன் வந்து தொறப்பான்னு சொல்றா. பெங்களூர்ல சுப்ரஜாவுக்கு மாசம் நெருங்கிடுத்து. பொண்ணு அங்க தனியா கெடந்து அழறா. இவ நகர மாட்டேங்கறா. நான் போயிட்டா அவன் வந்தா யாரு இருப்பாங்கறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

மாசி பிறந்துவிட்டது. இன்னும் எந்தக் காரியமும் நடக்கவில்லை. உடம்பு கிடைக்கவில்லை என்பதால், அவன் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு மணல் திட்டில் நடந்துகொண்டிருந்தவனைப் பாலத்தில் போன பஸ்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெருகி வருவதைப் பார்த்துக் கத்தியும் இருக்கிறார்கள். அவன் திரும்பிக் கையை ஆட்டினான் என்று ஒருவர் சொன்னார். தன்னைச் சும்மா கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. தீயணைப்புக்காரர்களோடு கலீமும் படகில் போனான். நாணல் புதர்களையெல்லாம் கம்பால் விலக்கிப் பார்த்தார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. சாவி அவன் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்திருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் அழகியமணவாளன் போன் செய்தபோது கலீம் காட்டூரில் தன் பட்டறையில் இருந்தான். மனைவி வேதவதி காலையில் பெருமாள் சேவிக்கப் போவாள், திரும்ப நேரமாகும், அதற்குள் பூட்டை மாற்றி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட முடியுமா என்று கேட்டார். ஆளைக் கூட்டித் தூக்கிப்போனால் தெருவே கூடும், அது வேண்டாம் என்றார். "அப்புறம் வண்டிய என்ன செய்யறது சார்?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியலைப்பா. கண்ணுல படாம இருந்தா போதும்," என்றார்.

"பிஸ்மில்லாஹ்," என்று முணுமுணுத்துவிட்டுக் கலீம் விசையை அழுத்தினான். பித்தளைத் துருவல் மஞ்சளாகச் சுருண்டு அவன் முழங்கையில் விழுந்தது. இனி அந்தச் சாவி எங்கேயாவது மணலில் கிடைத்தாலும் அதனால் திறக்க ஒன்றுமில்லை என்ற நினைப்பு வந்தபோது மெஷினை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுபடி அழுத்தினான். உள்ளே ஏதோ நொறுங்கியது. பூட்டின் நாக்கு பின்வாங்க, ஹேண்டில் தானாகவே தளர்ந்து நேரானது. நெடுநாள் ஒரு பக்கமாகவே படுத்திருந்தவர் புரண்டு படுத்தது போலிருந்தது. அழகியமணவாளன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூட்டோடு சேர்ந்திருந்த பழைய ஸ்விட்சைக் கழற்றி வெளியே இழுத்தபோது அதோடு கொத்தாக ஒயர்கள் வந்தன. எல்லாம் கறுப்பு. இந்த வண்டியை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். லால்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த சேஸிஸ், பின்பக்கத்தை அறுத்துக் குறைத்தது கலீம். ஒற்றை ஆள் சீட்டும், குட்டையான சைலன்சரும் ஹ்ருஷிகேஷின் யோசனை. பேங்க் வேலை முடிந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு வந்து உட்காருவான். ஒயரிங் மட்டும் நான்தான் செய்வேன் என்று பிடிவாதம். சிவப்பு, பழுப்பு என்று பல்லிளிக்கக் கூடாதாம், எல்லாம் கறுப்பாக ஒரே அழகாக இருக்க வேண்டுமாம். "டேய், நாளைக்கு ஒரு ரிப்பேர்னா எந்த ஒயர் எதுக்குப் போவுதுன்னு எவன்டா கண்டுபிடிப்பான்?" என்று கலீம் திட்டினான். "நான்தான் இருக்கேனே," என்றான் அவன், தலையைத் தூக்காமல், ஒயரைப் பல்லால் உரித்துக்கொண்டே.

கலீம் கையோடு கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, டெஸ்ட் பல்பை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான். ஒன்றில் பல்பு எரிந்தது, அது பேட்டரியிலிருந்து வருவது. அதைக் கொண்டுபோய் அடுத்ததில் வைத்தான், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொன்றில் வைத்ததும் மீட்டரில் நியூட்ரலின் பச்சைப் புள்ளி வந்தது, இது இன்ஜினுக்குப் போவது. ஒவ்வொரு இணைப்பையும் ஹ்ருஷிகேஷ் அத்தனை சுத்தமாகச் செய்திருந்தான். பத்த வைத்த இடத்தில் ஈயம் ஒரு சொட்டு அதிகமில்லை. அதன் மேல் போர்த்தும் ஸ்லீவ் குழாய்கள் எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டியிருந்தன. அதே மாதிரியே செய்ய வேண்டும் என்று கலீமுக்குத் தோன்றியது. புது ஸ்விட்சின் கலர் ஒயர்களைக் கூடியவரை குட்டையாக வெட்டி, கறுப்பு ஸ்லீவுக்குள் நுழைத்து, பத்தவைத்து, லைட்டரால் சூடு காட்டிச் சுருக்கினான். வெளியே ஒரு நிறமும் தெரியவில்லை.

புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினான். பச்சைப் புள்ளி எரிந்தது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, வண்டியை உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தான். தள்ளிக்கொண்டே அடுத்த வீதி வரைக்கும் போய் அங்கே ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தான்.

"கலீம்." அழகியமணவாளன் சீட்டின் மேல் கையை வைத்திருந்தார். "இங்கயே ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணேன். கேட்டுடறேன்."

"அம்மா வந்துடுவாங்க சார்."

"வரமாட்டா. இன்னும் நேரம் இருக்கு."

பத்துப் பதினைந்து உதை உதைத்த பிறகு அது இருமியது. மறுபடி உதைத்தான். பிறகு பிடித்துக்கொண்டது. தாழ்ந்த, விட்டுவிட்டு இடிக்கும் அந்தச் சத்தம் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்பியது. திருச்சியில் வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. சைலன்சருக்குள் தகட்டை மாற்றி மாற்றி வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து அவர்கள் தேடிப் பிடித்த சத்தம் அது. அழகியமணவாளன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் ஏதோ சொல்வது போல அசைந்தன.

வேதவதி தெருமுனையில் வருவதைக் கலீம்தான் முதலில் பார்த்தான். வரவில்லை, ஓடி வந்தாள். அறுபதைத் தாண்டியவள், மடிசார் கால்களைத் தடுக்க, ஒரு கையில் துளசியும் குடலையுமாக. ஒரு காலில் செருப்பு இல்லை. சைக்கிளில் போனவன் பிரேக் போட்டு ஒதுங்கினான். வீட்டுக்கு நாலைந்து வாசல்கள் தள்ளி வந்ததும் வண்டியில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டம் நடையானது. நடை மெதுவானது. கடைசி நாலு எட்டு வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது.

கலீமின் கை சாவிக்குப் போனது.

"அணைக்காதேப்பா," என்றாள்.

கணவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடலையைப் படியில் வைத்துவிட்டு வந்து டேங்க் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். வண்டியின் அதிர்வில் அவள் வளையல்கள் சிணுங்கின. சாவி இருந்த இடத்தைப் பார்த்தாள். புதிதாக மின்னிய அந்த வளையத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"இதுல இருக்கற பெட்ரோல் அவன் போட்டதுதானே?"

"ஆமாம்மா. நான் ஒண்ணும் ஊத்தலை."

"நெறைய இருக்கா?"

"கொஞ்சந்தாம்மா இருக்கும்."

"தீர்ற வரைக்கும் ஓடட்டும். நின்னதும் நீ எடுத்துண்டு போயிடு." பிறகு, கணவர் பக்கம் திரும்பாமலே, "ராத்திரி ரயில்ல இடம் இருக்கான்னு பாருங்கோ," என்றாள்.

நின்ற இடத்தில் வண்டி வெகுநேரம் ஓடினால் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கலீம் தயங்கித் தயங்கி, "டேபிள் ஃபேன் இருந்தா முன்னாடி வைக்கலாம் சார்," என்றான். அழகியமணவாளன் அவசரமாக உள்ளே போய், எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு ஃபேனோடு வந்தார். அதை இன்ஜினுக்கு நேரே ஒரு முக்காலியில் வைத்து, காற்று சரியாகப் படுகிறதா என்று குனிந்து கையை நீட்டிப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பது போல வைத்தார். எதிர்வீட்டில் யாரோ புகையைப் பற்றிக் கேட்க வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

வேதவதி படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். சத்தம் மட்டும் இருந்தது. வெயில் தெருவில் பாதி வரை வந்துவிட்டது. அவள் கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அழுகை இல்லை, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம்.

அப்போது சத்தத்தில் ஓர் இடறல் வந்தது. ஒரு துடிப்பு விட்டுப்போய், மறுபடி சேர்ந்துகொண்டது. இன்னொரு துடிப்பு விட்டது. டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் திருகை ரிசர்வ் பக்கம் திருப்பினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், அதுவும் அவன் போட்டதுதான். அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. அழகியமணவாளன் ஃபேனிலிருந்து நிமிர்ந்து கலீமைப் பார்த்தார். வேதவதியின் விரல்கள் புடவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டன. இன்ஜின் திணறியது. கலீம் குனிந்து டேங்கின் அடியில் கையை நுழைத்தான். சூடாக இருந்த அந்தச் சின்னத் திருகைப் பிடித்தபடி, எந்தப் பக்கமும் திருப்பாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.